தரவுகளுக்குச் செவிசாய்த்தல்: கிளேசர் – ஸ்ட்ராஸ் முறையியல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

சமூக ஆய்வில் ஈடுபடுவோர் பெரும்பாலும் இருவகை இடர்ப்பாடுகளுள் ஒன்றிற் சிக்கிக்கொள்வதைக் காணலாம். கோட்பாடொன்றை முன்கூட்டியே கைக்கொண்டு களத்திற்குச் செல்பவர், அக்கோட்பாட்டிற்கு இசைவானவற்றை மாத்திரம் கண்டு திரும்புகின்றார். கோட்பாடு எதுவுமின்றிச் செல்பவரோ எதைக் கொள்வது, எதை விடுவது என்றறியாது தகவல் மூட்டையொன்றைச் சுமந்து வருகின்றார். முன்னையவரின் ஆய்வேடு அவர் ஏற்கெனவே அறிந்திருந்ததையே திரும்பக் கூறுகின்றது. பின்னையவரின் ஆய்வேடு எதனையும் கூறுவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே வேறொரு வழி உண்டா என்ற வினாவிற்கு விடையாக வெளிவந்ததே, பார்ணி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் ஆகிய இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தரவில் வேரூன்றிய கோட்பாட்டின் கண்டுபிடிப்பு’ என்னும் நூல்.

கோட்பாட்டைத் தரவின்மீது சுமத்தாது தரவிலிருந்தே கோட்பாட்டை வளர்த்தெடுத்தல் வேண்டும். அதற்கு ஆய்வாளன் தரவுகளுக்குத் தன்னைத் திறந்து வைத்திருத்தல் வேண்டும் என்பதே இந்நூலின் அடிநாதமான கருத்தாகும். இன்று தாதியியல், கல்வியியல், முகாமைத்துவம், சமூகப்பணி எனப் பல துறைகளிலும் இம்முறையியல் பரவியுள்ளது. நமது பல்கலைக்கழகங்களிற் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகளிலும் இதன் பெயர் அடிக்கடி இடம்பெறுகின்றது. ஆயின், ‘திறந்திருத்தல்’ என்பதன் பொருள் யாது, அது எவ்வளவு தூரம் இயலக்கூடியது, அதன் பெயரால் மறைக்கப்படுவன யாவை என்ற வினாக்கள் போதியளவு எழுப்பப்படுவதில்லை. அவற்றை எழுப்பி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

எந்த நூலையும் அது தோன்றிய சூழலில் வைத்தே மதிப்பிடுதல் தகும். இந்நூல் எழுந்த காலத்தில் அமெரிக்கச் சமூகவியலில் ரல்கொட் பார்சன்ஸ் போன்றோரின் பெருங்கோட்பாடுகள் செல்வாக்குப் பெற்றிருந்தன. சமூகம் முழுவதையும் ஒரே சட்டகத்துள் விளக்க முனைந்த அக்கோட்பாடுகளைப் பரீட்சித்துப் பார்ப்பதே இளம் ஆய்வாளரின் பணியெனக் கருதப்பட்டது. கோட்பாட்டை ஆக்குவோர் ஒரு சிலர். அதனைச் சரிபார்ப்போர் ஏனையோர் என்ற வேலைப்பிரிவினை நிலவிற்று. கிளேசரும் ஸ்ட்ராஸும் இவ்வேலைப்பிரிவினையை எதிர்த்தனர். எந்த மாணவனும், முறையாகத் தரவுகளை ஒப்புநோக்குவானாயின், கோட்பாட்டை ஆக்குவோனாகலாம் என்பதே அவர்களின் வாதம். இவ்வகையில் இந்நூல் அறிவுலகில் ஒரு சனநாயகக் குரலாகவும் ஒலித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இருவரும் வெவ்வேறு பயிற்சி மரபுகளிலிருந்து வந்தவர்கள். கிளேசர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் போல் லாசர்ஸ்ஃபெல்ட், றொபேட் மேட்டன் ஆகியோரின் வழிவந்தவர். கணியம்சார் ஆய்வின் ஒழுங்கமைவு அவரிடம் ஊறியிருந்தது. ஸ்ட்ராஸ் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் களஆய்வு மரபிலும், ஹேபேட் புளூமர் வளர்த்தெடுத்த குறியீட்டு இடைவினைவாதத்திலும் தோய்ந்தவர். இவ்வேறுபாட்டை இங்கு குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. தரவுக்குத் திறந்திருக்குமாறு உலகிற்குக் கூறிய இவ்விருவரும் வெறும் மனத்துடன் களத்திற்குச் சென்றவர்களல்லர். பிற்காலத்தில் இவர்களிடையே தோன்றிய பிளவிற்கும் இவ்வேறுபாட்டிலேயே வித்திருந்தது.

3

முறையியல் நூலுக்கு முன்னோடியாக அமைந்தது 1965இல் இவர்கள் வெளியிட்ட ‘மரணம் பற்றிய அறிதல்’ என்னும் ஆய்வாகும். சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியிலுள்ள ஆறு வைத்தியசாலைகளில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளரும், தாதியரும், மருத்துவரும், உறவினரும் ஒருவரோடொருவர் எவ்வாறு ஊடாடினர் என்பதை அது ஆராய்ந்தது. நோயின் தன்மையைக் காட்டிலும், தாம் இறக்கப்போவதை நோயாளர் அறிந்துள்ளாரா, அவர் அறிந்துள்ளமையை ஏனையோர் அறிவரா என்பனவே அவ்வூடாட்டத்தைத் தீர்மானித்தன என்பது அவர்களது முடிபு. இதனடிப்படையில் நான்கு வகையான ‘அறிதற் சூழமைவுகளை’ அவர்கள் இனங்கண்டனர். நோயாளர் அறியாதிருக்கும் மூடிய நிலை. அவர் ஐயுறும் நிலை. இரு சாராரும் அறிந்திருந்தும் அறியாதார் போல் நடிக்கும் பரஸ்பரப் பாசாங்கு நிலை. இரு சாராரும் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளும் திறந்த நிலை என்பன அவை.

இவ்வகைப்பாட்டை அடைந்த விதமே நமது கவனத்திற்குரியது. எந்தெந்த விடுதிகளைப் பார்ப்பது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே முற்றாகத் தீர்மானித்துவிடவில்லை. முதலிற் குறைமாதக் குழந்தைகளின் பிரிவையும், நினைவிழந்த நோயாளர் பலர் இருக்கும் நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவையும் நோக்கினர். அங்கு நோயாளரின் அறிதல் மிகக் குறைவு. பின்னர் மரணம் விரைந்து நிகழும் தீவிர சிகிச்சைப் பிரிவு, மெதுவாக நிகழும் புற்றுநோய் விடுதி, எதிர்பாராது நிகழும் அவசர சேவைப் பிரிவு எனச் சென்றனர். ஓரிடத்திற் கண்டது மற்றோரிடத்தில் எதைத் தேடவேண்டும் என்பதை உணர்த்திற்று. இதனையே கோட்பாட்டுவழி மாதிரியெடுத்தல் என்றனர். சம்பவத்தைச் சம்பவத்துடனும், பின்னர் சம்பவத்தை எண்ணக்கருவுடனும் இடையறாது ஒப்பிடும் முறையும், அவ்வப்போது தோன்றும் எண்ணங்களைக் குறிப்புகளாக எழுதி வைக்கும் வழக்கமும் இதனோடு இணைந்தவை.

இம்முறையின் வலுவைக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு அந்நூலிலேயே உண்டு. மலாயாவின் வைத்தியசாலைகளில், இறக்கும் நிலையிலுள்ளோரைப் பராமரிப்பதில் குடும்பத்தினரும் பங்கெடுப்பது அவதானிக்கப்பட்டது. அமெரிக்க வைத்தியசாலைகளிற் குடும்பத்தினர் மற்றொரு நோயாளர் போல நடத்தப்பட்டனர். அன்றேல் தொல்லையெனக் கருதி ஒதுக்கப்பட்டனர் என்றே ஆய்வாளர் அதுவரை எண்ணியிருந்தனர். மலாயா அநுபவத்தின் பின்னர் தமது அமெரிக்கக் களக்குறிப்புகளை மீண்டும் புரட்டிய போது, அங்கும் குடும்பத்தினர் பல வகைகளிற் பராமரிப்பிற் பயன்படுத்தப்பட்டமை தெரியவந்தது. குறிப்புகளில் அது முன்னரே பதிவாகியிருந்தது. ஆயினும் கண்ணிற் படவில்லை.

இவ்வெடுத்துக்காட்டினை நூலாசிரியர்கள் ஒப்பீட்டின் பயனுக்குச் சான்றாகவே தருகின்றனர். இது அவர்கள் கருதியதை விட மேலானதொரு பாடத்தையும் நமக்குப் புகட்டுகின்றது. தரவு கையிலிருந்தது, திறந்த மனமும் இருந்தது, இருந்தும் காணமுடியவில்லை. நோயாளருடன் உறவினர் ஒருவர் நிற்பது சாதாரண வழக்கமாகவுள்ள நம் நாட்டவரொருவர் அக்குறிப்புகளைப் படித்திருப்பாராயின், அது முதல் வாசிப்பிலேயே அவர் கண்ணிற் பட்டிருக்கக்கூடும்; அவர் கண்ணிற் படாது போயிருக்கக்கூடியவை வேறு. எனவே தரவு தானாகப் பேசுவதில்லை. கேட்பவனின் வாழ்க்கைப் பின்புலம் எதைக் கேட்கச் செய்கின்றதோ அதுவே முதலிற் கேட்கின்றது. திறந்திருத்தல் என்பதை ஆய்வாளனின் மனநிலை பற்றிய நல்லெண்ணமாக மாத்திரம் கொள்ளுதல் போதாது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

4

இனி நூலின் உள்முரண்பாட்டை நோக்குவோம். ஆய்வுக்குரிய துறையில் ஏற்கெனவே எழுதப்பட்ட கோட்பாடுகளையும் தகவல்களையும் தொடக்கத்திற் புறக்கணித்துவிடுமாறு இந்நூல் ஓரிடத்தில் ஆலோசனை கூறுகின்றது. மற்றோரிடத்தில், அதுவும் ஓர் அடிக்குறிப்பில், ஆய்வாளன் எழுதப்படாத பலகை போன்று யதார்த்தத்தை அணுகுவதில்லையென்றும், பொருத்தமான தரவை இனங்காண அவனுக்கு ஒரு நோக்குநிலை வேண்டுமென்றும் ஏற்றுக்கொள்கின்றது. முன்னையது நூலின் உடற்பகுதியில் உரத்துக் கூறப்படுகின்றது. பின்னையது அடிக்குறிப்பில் மெல்லக் கூறப்படுகின்றது. பின்வந்தோர் பலர் உரத்த குரலையே கேட்டனர். ‘கோட்பாட்டு நூல்களைப் படிக்கவில்லை, ஆகவே எனது ஆய்வு தரவில் வேரூன்றியது’ என்று கூறும் வசதியை அது சிலருக்கு அளித்தது.

மரணம் பற்றிய அவர்களது ஆய்வே வேறு கதையைக் கூறுகின்றது. ஸ்ட்ராஸ் தமக்கு நெருங்கியோரின் மரணத்தை எதிர்கொண்ட அநுபவம் அவ்வாய்விற்கு ஒரு தூண்டுதலாக அமைந்தது என்பதை அவர்களே மறைக்கவில்லை. இடைவினையில் ஈடுபடுவோர் ஒருவரையொருவர் பற்றி எதை அறிந்துள்ளனர் என்பதும் குறியீட்டு இடைவினைவாதத்திற்குப் புதிய வினாவன்று. அறிதற் சூழமைவு என்னும் எண்ணக்கரு வைத்தியசாலைத் தரையிலிருந்து முளைத்ததென்பது உண்மையே. ஆனால் அத்தரை ஏற்கெனவே உழப்பட்டிருந்தது. இதனால் அவ்வெண்ணக்கருவின் பெறுமதி குறைந்துவிடுவதில்லை. ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல்லே கேள்விக்குரியதாகின்றது.

கோட்பாட்டைப் புறக்கணித்தல் வேறு. கோட்பாட்டினால் ஆளப்படாதிருத்தல் வேறு. புறக்கணிக்கப்பட்ட கோட்பாடு மறைந்துவிடுவதில்லை. அது பெயரற்ற பொதுப்புத்தியாக ஆய்வாளனுள் இருந்து இயங்குகின்றது. படித்தறிந்த கோட்பாட்டுடன் வாதாடலாம். தன்னிடம் இருப்பதையே அறியாத கோட்பாட்டுடன் வாதாடுவது எங்ஙனம்?

5

இம்முரண்பாடு பின்னாளில் வெளிப்படையான பிளவாயிற்று. 1990இல் ஸ்ட்ராஸும் ஜூலியட் கோர்பினும் இணைந்து ‘பண்புசார் ஆய்வின் அடிப்படைகள்’ என்னும் நூலை வெளியிட்டனர். தொடக்க ஆய்வாளருக்கு உதவும் நோக்குடன் குறியீட்டிடலின் படிமுறைகளை அது விரிவாக வகுத்தது. ஒவ்வொரு நிகழ்வு பற்றியும் அதன் நிபந்தனைகள், சூழமைவு, செயல் உபாயங்கள், விளைவுகள் யாவை என வினவுமாறு ஒரு மாதிரிச் சட்டகத்தையும் முன்வைத்தது. 1992இல் கிளேசர் இதற்கு மறுப்பாக ஒரு நூலையே எழுதினார். தரவிலிருந்து கோட்பாடு வெளிப்படுதற்கும், தரவைக் கோட்பாட்டிற்குள் வலிந்து திணித்தற்கும் இடையிலான வேறுபாடே அதன் பொருள். ஸ்ட்ராஸ் – கோர்பின் முறை பின்னையது என்பது அவரது குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டில் உண்மையில்லையெனக் கூறமுடியாது. ஒரே வினாக்களை எல்லாத் தரவுகளிடமும் கேட்போமாயின் ஒரே வடிவிலான விடைகளே கிடைக்கும். எல்லாவற்றையும் காரணமாகவும் விளைவாகவும் காணப் பழகிய கண்ணுக்கு, காரணமும் விளைவுமாக அமையாதவை தென்படா. ஆயின் கிளேசரும் இவ்விடர்ப்பாட்டிற்கு அப்பாற்பட்டவரல்லர். 1978இல் வெளிவந்த ‘கோட்பாட்டு நுண்ணுணர்வு’ என்னும் அவரது நூல் ‘குறியீட்டுக் குடும்பங்கள்’ பலவற்றைப் பட்டியலிடுகின்றது. காரணம், சூழமைவு, நிபந்தனை, விளைவு என்பன அடங்கிய குடும்பம் அவற்றுள் முதன்மையானது. ஸ்ட்ராஸ் ஒரு திறவுகோலைத் தருகின்றார். கிளேசர் திறவுகோற் கொத்தொன்றைத் தருகின்றார். வெறுங்கையுடன் செல்லுமாறு இருவருமே கூறவில்லை. தரவு வேண்டி நின்றாலன்றி எந்தக் குறியீட்டுக் குடும்பத்தையும் பயன்படுத்தலாகாது என்பது கிளேசரின் நிபந்தனை. அது நல்ல நிபந்தனையே. ஆனால் தரவு எப்பொழுது வேண்டி நிற்கின்றது என்பதைத் தீர்மானிப்பவர் மீண்டும் ஆய்வாளரே என்பதை மறத்தலாகாது.

இவ்விருவரிடமும் பயின்ற கதி சார்மஸ் 2006இல் வெளியிட்ட நூல் விவாதத்தை வேறொரு தளத்திற்கு நகர்த்திற்று. கோட்பாடு கண்டெடுக்கப்படுவதன்று, கட்டியெழுப்பப்படுவது என்பது அவர் நிலைப்பாடு. நேர்காணலே இருவர் சேர்ந்து உருவாக்குவது. எனவே ஆய்வாளர் தம் நிலையையும் ஆய்வின் பொருளாக்க வேண்டுமென அவர் வலியுறுத்தினார். கிளேசர் இதனை ஏற்கவில்லை. ஆயினும் மலாயா எடுத்துக்காட்டை மனங்கொண்டு நோக்குமிடத்து சார்மஸின் பக்கமே நியாயம் மிகுந்துள்ளது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

அதேவேளை சார்மஸின் நிலைப்பாட்டிலும் ஒரு வழுக்கலுண்டு. எல்லாம் கட்டியெழுப்பப்பட்டவையே எனில், ஒரு கட்டுமானத்தை மற்றொன்றிலும் சிறந்ததென எவ்வாறு கூறுவது? தன் பின்புலத்தை முன்னுரையில் அறிக்கையிட்டுவிட்டு விரும்பியதை எழுதலாம் என்ற நிலைக்கு அது சிலரை இட்டுச்செல்லக்கூடும். தரவு நம்மை மறுக்கும் ஆற்றலுடையது என்னும் கிளேசரின் பிடிவாதம் இவ்விடத்தில் தேவைப்படுகின்றது.

இங்கு ஹேபேட் புளூமர் 1954ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றிற் செய்த வேறுபடுத்தல் துணைநிற்கும். சில எண்ணக்கருக்கள் ஒரு பொருளைத் திட்டவட்டமாக வரையறுப்பன. வேறு சில எத்திசையில் நோக்கவேண்டும் என்பதை மாத்திரம் உணர்த்துவன. பின்னையவற்றுடன் களத்திற்குச் செல்பவன் வழிகாட்டலுடன் செல்கின்றான். ஆயின் காணப்போவது இன்னதென முன்னரே முடிவுசெய்யாது செல்கின்றான்.

6

இவ்விவாதம் நமக்குத் தொலைவானதன்று. 2004 டிசம்பர் 26இல் நிகழ்ந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அதனைத் தொடர்ந்து நம் கரையோரங்களுக்கு வெளிநாட்டு உளவளத்துணையாளர் பலர் வந்தனர். மனவடு நோயின் அறிகுறிப் பட்டியல்களை ஏந்தி வந்தோர் அவர்களுட் பலர். பட்டியலில் உள்ளவற்றை வினவினர். வினவியவற்றிற்கு விடை பெற்றனர். ஆனால் இலங்கையரின் துயர வெளிப்பாடுகளை ஆராய்ந்த காயத்ரி பெர்னாண்டோ, மக்கள் தம் பாதிப்பைத் தனிமனித உள்ளத்தின் அறிகுறிகளாக அன்றி, குடும்பத்திலும் சமூகத்திலும் தமக்குரிய உறவுகளும் கடமைகளும் குலைந்தமையாகவே பெரிதும் உணர்ந்தனர் எனக் காட்டினார். அமெரிக்க எழுத்தாளர் ஈதன் வாற்றர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் இவ்விடயத்திற்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளார். இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, 1985இல், கணநாத் ஒபயசேகர, மேனாட்டு உளமருத்துவம் மனச்சோர்வு நோயெனக் கொள்ளும் உணர்வுகள் பௌத்த இலங்கையில் வாழ்வு பற்றிய தத்துவ நோக்காகப் பொருள் பெறக்கூடும் என வாதிட்டிருந்தார்.

இங்கு சம்பந்தப்பட்டிருப்பது முறையியல் நுட்பம் மாத்திரமன்று. பட்டியலுக்குள் அடங்காத துயர் கேட்கப்படாது போகின்றது. கேட்கப்படாத துயருக்கு நிவாரணமும் இல்லை. கணவனை இழந்த பெண்ணொருத்தி தனது தூக்கமின்மையைப் பற்றிப் பேசாது, மகளின் திருமணத்தை யார் முன்நின்று நடத்துவார் என்றே திரும்பத் திரும்பக் கூறுவாளாயின், அதனை விடயத்திற்குப் புறம்பானதெனத் தள்ளுவதா, அதுவே விடயமெனக் கொள்வதா? வேரூன்றிய கோட்பாட்டின் முழு நியாயமும் இவ்வினாவில் அடங்கியுள்ளது எனலாம்.

யாழ்ப்பாணச் சமூகம் பற்றிய ஆய்விலும் இதற்கோர் உதாரணம் உண்டு. பிராமணர் உச்சியிலும் ஏனையோர் படிப்படியாகக் கீழும் அமைந்த இந்தியச் சாதிச் சட்டகத்துடன் யாழ்ப்பாணத்தை நோக்குபவர், நிலவுடைமையும் கோயில் உரிமையும் வேளாளர் கையிலிருக்க, பிராமணர் சடங்குநிலையில் உயர்ந்தும் வாழ்வாதாரத்தில் அவர்களைச் சார்ந்தும் இருந்தமையை ஒரு விதிவிலக்காகவே காண்பார். 1960இல் எட்மண்ட் லீச் பதிப்பித்த தொகுதியில் யாழ்ப்பாணச் சாதியமைப்புப் பற்றி எழுதிய மைக்கல் பாங்ஸ் வேளாளரின் மேலாதிக்கத்திற்கு முதன்மையளித்தார். ஒரு சட்டகத்தின் விதிவிலக்கு, தரவின் பக்கமிருந்து நோக்கும்போது விதியாகிவிடுகின்றது.

நம் மாணவர் ஆய்வேடுகளுக்கு வருவோம். களத்திற்குச் செல்லுமுன்னரே கருதுகோளும், வினாக்கொத்தும், மாதிரியின் அளவும் எழுத்திற் சமர்ப்பிக்கப்பட வேண்டுமென்பது பொதுவான நடைமுறை. இந்நிலையிற் கோட்பாட்டுவழி மாதிரியெடுத்தலுக்கு இடமேது? அடுத்து யாரைச் சந்திப்பது என்பதை முந்திய நேர்காணலே தீர்மானிக்க வேண்டுமெனில், பெயர்ப்பட்டியலை முன்கூட்டித் தருதல் எங்ஙனம்? இக்கட்டுப்பாட்டிற்குள் நின்றுகொண்டே முறையியல் அத்தியாயத்தில் கிளேசர், ஸ்ட்ராஸ் ஆகியோரின் பெயர்களைக் குறிப்பிடுவது வெறும் அலங்காரமாகிவிடுகின்றது. ஒரு சில நேர்காணல்களுடன் ‘தரவு செறிவுநிலையை அடைந்தது’ என எழுதுவதும் அத்தகையதே. செறிவுநிலை என்பது புதிய சம்பவங்கள் எண்ணக்கருவிற்குப் புதிய பண்பெதனையும் சேர்க்காத நிலை. கால எல்லை முடிவடைந்தமை செறிவுநிலையாகாது.

‘பின்வரும் கருப்பொருள்கள் வெளிப்பட்டன’ என்னும் வாக்கியமும் ஆராயப்பட வேண்டியது. யாருக்கு வெளிப்பட்டன? வெளிப்படாமற் போனவை எவை? இவ்வாக்கியத்தில் ஆய்வாளர் இல்லை. எனவே அவரிடம் கேள்வி கேட்கவும் இயலாது. இதனிலும் பாரதூரமானது மொழி பற்றிய பிரச்சினை. மக்கள் தமிழிற் பேசுகின்றனர். நாமோ ஆங்கில நூல்கள் வழங்கிய ‘சமூக மூலதனம்’, ‘வலுவூட்டல்’, ‘தாங்குதிறன்’ என்னும் பெட்டிகளுள் அவர்தம் பேச்சை இடுகின்றோம். ‘ஒத்தாசை’ என்று ஒருவர் கூறியது சமூக மூலதனமாகும்போது, அச்சொல்லில் அடங்கியிருந்த கடப்பாடும், திருப்பிச் செய்யவேண்டுமென்ற கூச்சமும் உதிர்ந்துவிடுகின்றன. மக்களின் சொற்களையே குறியீடுகளாக முதலிற் கொள்ளும் வழக்கம் இம்முறையியலில் உண்டு. நமது நிலையில் மிகவும் பயன்தரக்கூடிய பகுதி அதுவேயாயினும், குறைவாகக் கையாளப்படுவதும் அதுவே.

7

இதுவரை நோக்கியவற்றிலிருந்து சில முடிபுகளுக்கு வரலாம். தரவுக்குத் திறந்திருத்தல் என்பது கோட்பாடற்றிருத்தலாகாது. கிளேசர் – ஸ்ட்ராஸ் நூலின் பலவீனம் அவ்வாறு எண்ண இடமளித்தமையே; அதன் பலம், நல்லெண்ணத்தை நம்பியிராது, திறந்திருத்தலைச் சில நடைமுறைகளின் வாயிலாகக் கட்டாயப்படுத்தியமை. இடையறாத ஒப்பீடு, அடுத்த களத்தை முந்திய களம் தீர்மானித்தல், பழைய குறிப்புகளுக்கு மீளுதல் ஆகியன ஆய்வாளனின் விருப்பத்திற்கு மாறானவற்றை அவன்முன் கொணரும் உபாயங்கள்.

இவற்றுடன் மேலும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். களத்திற்குச் செல்லுமுன் தான் எதைக் காண எதிர்பார்க்கின்றான் என்பதை ஆய்வாளன் எழுதி வைத்தல் நன்று. எழுதப்பட்ட எதிர்பார்ப்பே பின்னர் பொய்த்துப்போக முடியும். ஆய்வேட்டை மதிப்பிடுவோரும் கருதுகோள் நிறுவப்பட்டதா என்பதுடன் நில்லாது, எந்த இடத்தில் தரவு ஆய்வாளனை எதிர்த்து நின்றது என்பதையும் வினவுதல் வேண்டும். அவ்வாறான இடம் ஒன்றேனும் இல்லாத ஆய்வேடு, எத்தனை நேர்காணல்களைக் கொண்டிருப்பினும், தரவில் வேரூன்றியதாகாது.

ஸ்ட்ராஸ் 1996இலும், சார்மஸ் 2020இலும், கிளேசர் 2022இலும் மறைந்துவிட்டனர். அவர்களிடையே எழுந்த விவாதம் முடிந்துவிடவில்லை. போரும் இடப்பெயர்வும் பேரழிவும் கண்ட நம் மக்கள் பற்றி ஏராளமான தரவுகள் திரட்டப்பட்டுள்ளன, மேலும் திரட்டப்படும். அவற்றைப் பிறர் சட்டகங்களுக்கு உதாரணங்களாக வழங்குவதோடு அமைவதா, அவற்றிலிருந்து நாமே எண்ணக்கருக்களை ஆக்க முனைவதா என்பது நம் தலைமுறை மாணவர் தீர்மானிக்க வேண்டியதொன்றாகும். கோட்பாட்டை ஆக்கும் உரிமை ஒரு சிலருக்கு மட்டுமே உரியதன்று என 1967இல் எழுந்த குரலின் உண்மையான பொருளை நாம் உணர்வது அத்தீர்மானத்திலேயே தங்கியுள்ளது.